பக்கம் பதினொன்று

யூமாவில் ஏப்ரல் முடிந்தது.
குளிருக்கு ஒதுங்க வந்தவர்கள்
வீட்டை வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு
வடக்கே போயாயிற்று.
லெட்யூஸ் அறுத்தவர்கள் சலினாஸுக்கு.
மிச்சம் நாங்களும்
எங்கள் கார்களும்.

பெல்ட்டைத் திருப்பிக் காட்டுகிறார் எஃப்ரேன்.
உள்பக்கம் பல்லி முதுகாய் வெடித்திருக்கிறது.
ரேடியேட்டர் குழாயை இரு விரலால் அமுக்கி,
"பேரீச்சம்பழம்" என்கிறார்.
"இது ஜூனைப் பார்க்காது, மரிசேலா.
பழுதுக்காப்பு வைத்திருக்கிறாயே,
கூப்பிட்டுக் கேளேன்."

சிரித்துவிட்டேன்.
கூப்பிட்டால்
அந்தப் பக்கம் எடுப்பது நான்தான்.

ஆறு வருடமாக
ஜன்னல் இல்லாத அறை,
தோளில் சால்வை போட்டுக்கொள்ளும் அளவு ஏசி.
ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கம்
தூக்கத்திலும் வரும் எனக்கு.
குழாய், பெல்ட், பேட்டரி, டயர், வைப்பர்
எல்லாம் தேய்வதற்கென்றே பிறந்தவை.
தேய்மானத்துக்குக் காப்பு இல்லை.
என்ஜினுக்கு உண்டு.
குழாய் வெடித்து என்ஜின் வெந்தால்
அதற்கும் இல்லை.
பார்த்துக்கொள்ளாதது உங்கள் பிழை.
"உங்கள்" என்பதை
மெதுவாகச் சொல்லப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

போன ஜூலையில் ஒருவர்.
ஆர்விட் ஸ்டென்ஸ்ருட்.
எட்டாம் நெடுஞ்சாலை, டேட்லேண்டுக்குக் கிழக்கே,
எழுபத்தெட்டாம் மைல்கல்.
நூற்றுப் பதினெட்டு டிகிரி.
பானட்டிலிருந்து வந்த சீறல்
அவர் குரலைவிடத் தெளிவாகக் கேட்டது.
அதற்கும் பின்னால் இன்னொரு மூச்சு,
வேகமாக, நாக்கை வெளியே விட்ட மூச்சு.

கடைசியாகக் கூலன்ட் மாற்றியது எப்போது?
ரசீது இருக்கிறதா?
கேட்க வேண்டிய வரிசையில்தான் கேட்டேன்.

"ரசீதா" என்றார்.
பிறகு நாயிடம் ஏதோ சொன்னார்,
என்னிடம் சொல்லாத எதையோ.

இழுவை வண்டி இருபத்தைந்து மைல் வரை இலவசம்.
கீலா பெண்ட் முப்பத்தேழு.
இதையும் சொன்னேன்.

ஓர் அழைப்புக்கு ஆறு நிமிடம் எங்களுக்கு.
நாற்பத்தொரு நிமிடம் அவருடன் இருந்தேன்.
காரின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது?
தாரில் நிற்காதீர்கள், மண்ணில் நில்லுங்கள்.
தண்ணீர் எவ்வளவு இருக்கிறது?
ஒரு காபிக் கோப்பையின் அடியில், என்றார்,
அதுவும் காபி.

இழுவை வண்டியின் ஹாரன் கேட்டதும்
நன்றி என்றார்.
எதற்கென்று தெரியவில்லை.
கோரிக்கை: நிராகரிப்பு.
தட்டச்சு செய்தது இந்த விரல்கள்தான்.
நேரம் மீறியதற்கு
என் பேரில் ஒரு குறிப்பு.
நாயின் பெயரைக் கேட்கவே இல்லை.

"மொத்தம் நூற்று நாற்பது"
என்கிறார் எஃப்ரேன்,
"குழாய், பெல்ட், கூலன்ட், கூலி எல்லாம்."
டயர் வாங்க வைத்திருந்த உறையிலிருந்து எண்ணிக் கொடுக்கிறேன்.
ரசீது வேண்டும்.
தேதி போடுங்கள். மைல் போடுங்கள்.
எந்தக் குழாய் என்று எழுதுங்கள்.
கையெழுத்து விளங்கும்படி.
"யாரிடம் காட்டப் போகிறாய்?"
என்னிடம்.

ஞாயிறு விடியுமுன்,
தரை சூடேறுவதற்கு முன்,
டயருக்குக் காற்று பார்க்கிறேன்.
முன் கண்ணாடிக்கு வெள்ளித் திரை.
ஸ்டியரிங்கைப் பிடிக்க
அடுப்படியில் இருந்து ஒரு கையுறை;
சீட் பெல்ட் கொக்கி போன வருடம் வைத்த சூடு
இடுப்பில் இன்னும் பழுப்பாக இருக்கிறது.
ரசீது, டேஷ்போர்டு அறையில்,
பக்கம் பதினொன்றின் மேல் மடித்து.

டிக்கியில் இரண்டு கேலன் தண்ணீர்,
ஒரு குடை,
ஒரு அகன்ற அலுமினியத் தட்டு.

எனக்கு நாய் கிடையாது.
தட்டின் அடியில்
விலைச்சீட்டைக் கூட இன்னும் உரிக்கவில்லை.